வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வண்டி: வீட்டுச் சாமான்களை நன்கொடையாக எடுத்துப்போகும் சேவைகள், ஒரு மதிப்பீடு

மிஞ்சிய வீட்டுச் சாமான்களை நன்கொடையாக எடுத்துப்போகும் சேவைகளில் பெரும்பாலானவர்கள் பார்ப்பது மூன்று விஷயம்: இலவசமா, சீக்கிரம் வருவார்களா, மரியாதையாகப் பேசுவார்களா. மூன்றும் தேவைதான். ஆனால் இரண்டு அறை ஃப்ளாட்டில் அடைசலோடு மல்லுக்கட்டுகிறவர் முதலில் தேட வேண்டியது வேறொன்று. இவர்கள் எதையெல்லாம் வாங்க மாட்டார்கள்? அந்தப் பட்டியல் எவ்வளவு கறாராக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தச் சேவையை நம்பலாம்.

எதைக் கொடுத்தாலும் தலையாட்டி ஏற்றிக்கொள்ளும் வண்டி நமக்கு வசதி. ஆனால் கிடங்கில் அந்தச் சாமான் ஒரு மேசைக்கு வரும். அங்கே நிற்பவர் ஒவ்வொன்றையும் சில நொடிதான் பார்ப்பார். அப்படியே கொடுக்கலாம் அல்லது விற்கலாம் என்றால் ஒரு கூடை, துடைக்கும் துணியாகவோ மறுசுழற்சிக்கோ போகும் என்றால் இன்னொரு கூடை, மிச்சம் குப்பை. அந்தக் குப்பையை அகற்றும் செலவு தொண்டு நிறுவனத்தின் பணத்திலிருந்துதான் போகிறது. உடைந்த நாற்காலியை அவர்கள் தலையில் கட்டினால் அது நன்கொடை இல்லை, செலவை இடம் மாற்றுவது. அந்தச் செலவு தெரிந்தவர்கள் வாசலிலேயே மறுத்துவிடுகிறார்கள்.

நல்ல பட்டியல் எப்படி இருக்கும்? "நல்ல நிலையில் உள்ள பொருட்கள் ஏற்கப்படும்" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அது பட்டியலே இல்லை. யார் கண்ணுக்கு நல்ல நிலை? "மெத்தை, தலையணை வேண்டாம். குழந்தைகளுக்கான கார் சீட் வேண்டாம். சார்ஜர் இல்லாத கருவி வேண்டாம். சோபா என்றால் கிழிசல், கறை இல்லாமல், மூன்று புகைப்படங்களுடன்" என்று எழுதியிருந்தால் நம்பிப் பதிவு செய்யலாம். மறுக்கும் பொருளை வேறு யாரிடம் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தால் அதைவிட நல்லது.

வீட்டுக்கே வந்து எடுக்கும் சேவையில் பலர் கோட்டை விடுவது "வாசல் வரை" என்ற சொல்லில். எந்த வாசல்? ஃப்ளாட் கதவா, கட்டடத்தின் கீழ் வாசலா? பல குழுக்கள் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள், அலமாரியைக் கழற்ற மாட்டார்கள், லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து ஃப்ரிட்ஜை இறக்க மாட்டார்கள். பதிவு செய்யும்போதே எத்தனையாவது மாடி, லிஃப்டின் உள்ளளவு என்ன, வண்டி நிற்க இடம் உண்டா என்பதை நீங்களே சொல்லுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேளுங்கள். இதையெல்லாம் அவர்களாகவே கேட்டால் அது அனுபவமுள்ள சேவை. எதையும் கேட்காமல் தேதி மட்டும் கொடுப்பவர்கள், அந்தத் தேதியில் வந்து படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வாய்ப்பு அதிகம்.

இன்னொரு குறை காத்திருப்பு. பதிவுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். பெரிய வீட்டில் அது பிரச்சினை இல்லை, எங்காவது ஓர் அறையில் போட்டு வைக்கலாம். சின்ன ஃப்ளாட்டில் அந்த மூன்று வாரமும் பெட்டிகளைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். நான்காவது நாள் ஒரு பெட்டியைத் திறப்பீர்கள், ஐந்தாவது நாள் பாதி சாமான் அலமாரிக்கே திரும்பியிருக்கும். அதனால் தேதி கிடைக்கும் வரை எதையும் வெளியே எடுக்காதீர்கள். சாமான் இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, அளவு எழுதி, பட்டியலை அனுப்புங்கள். போக வேண்டியதன் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும். முந்தின நாள் மாலை மொத்தமாக வெளியே எடுக்கலாம்.

படங்களும் நான்கு வகையில் வேண்டும். முழுப் பொருளும் பக்கத்தில் கதவும் தெரியும்படி ஒன்று, அளவு புரிவதற்காக. மின்கருவி என்றால் மாடல் எண்ணும் வாட் அளவும் உள்ள தகட்டின் படம் ஒன்று. அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று. நான்காவது, இருப்பதிலேயே மோசமான இடத்தின் படம். பலர் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். கீறலை மறைத்து அனுப்பினால் வாசலில் வைத்து மறுப்பார்கள், பிறகு அந்தச் சோபா நடைவழியில் நிற்கும், பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

ஃப்ரிட்ஜில்தான் காரியம் அதிகம் கெடுகிறது. கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாகவே மின்சாரத்தை நிறுத்தி உறைபனியைக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் லிஃப்ட் முழுக்கத் தண்ணீர். ஆனால் நிறுத்திய ஃப்ரிட்ஜைப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று யாரும் சொல்ல முடியாது, மறுத்துவிடுவார்கள். எனவே நிறுத்துவதற்கு முன்பே உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியும் கீழ்த்தட்டில் 4, 5 டிகிரியும் காட்டுவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது, அதையும் எழுதிவிடுங்கள். நிறுத்திய பிறகு கதவிடுக்கில் மடித்த துணியைச் செருகித் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் இரண்டே நாளில் மக்கிய வாடை ஏறிவிடும். பின்னால் கம்ப்ரஸரின் மேலே உள்ள சிறிய தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும், அதைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணாடித் தட்டுகளைத் தனியாக எடுத்துச் சுற்றுங்கள். கதவுகளைக் கயிறாலோ மாஸ்கிங் டேப்பாலோ கட்டுங்கள். பழுப்பு நிறப் பேக்கிங் டேப் ஒட்டினால் பசை போகாது.

ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், நிமிர்த்திய பிறகு ஓர் இரவாவது விட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், வாங்கப் போகிறவருக்கு உதவும். தகட்டில் ஆர் 600ஏ என்று இருந்தால் குழாய்க்குள் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. பின்பக்கத்தை எங்கும் இடிக்காமல் இறக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் கவனிக்க வேண்டியது, வாங்கும்போது பின்னால் மாட்டியிருந்த போக்குவரத்து போல்ட்டுகள். மாடலைப் பொறுத்து மூன்றோ நான்கோ இருக்கும். அவை இல்லாமல் வண்டியில் ஏற்றினால் டிரம் ஆடி ஸ்பிரிங்குகளையும் தாங்கிகளையும் கெடுத்துவிடும். தொலைத்துவிட்டீர்கள் என்றால் அதைப் பதிவின்போதே சொல்லுங்கள். கீழே வலது மூலையிலோ இடது மூலையிலோ உள்ள சின்ன மூடியைத் திறந்து, தட்டையான தட்டு ஒன்றை வைத்து ஃபில்டர் வழியாகத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒன்றிரண்டு லிட்டர்கூட இருக்கலாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளை நிறையப் பேர் மறுப்பது நியாயம்தான். அந்தப் பலகை ஒருமுறை கழற்றி மாட்டுவதைத் தாங்கும், மூன்றாவது முறை துளைகள் பொடிந்து திருகு பிடிக்காது. கழற்றாமல் லிஃப்டில் நுழையும் அளவென்றால் கழற்றவே வேண்டாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பின்பக்க மெல்லிய அட்டையை எடுத்துவிட்டு அலமாரியை நிறுத்தியபடியே இழுக்கக் கூடாது, சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். படுக்க வைத்து, கதவுகளை எடுத்து, பிறகு பின் அட்டை, அதன் பிறகு பலகைகளை இணைக்கும் வட்டப் பூட்டுகளை அரைச்சுற்று திருப்பிப் பலகைகளை நேராக இழுக்க வேண்டும். திருகுகளையும் ஆலன் சாவியையும் ஒரு பையில் போட்டுப் பையில் துளையிட்டு, கதவுக் கீல் துளையில் நூலால் கட்டுங்கள். டேப்பால் பலகையின் முகத்தில் ஒட்டினால் உரிக்கும்போது லேமினேட்டும் சேர்ந்து வரும். ஒவ்வொரு பலகையின் உள்பக்கமும் பென்சிலில் எண் போடுங்கள். திருகுப் பை இல்லாத அலமாரி கிடங்கில் வெறும் பலகைதான்.

சோபாவுக்கு அகலம் மட்டும் அளந்தால் போதாது. உயரம், ஆழம், முதுகின் மேல் விளிம்பிலிருந்து முன்பக்கக் கீழ் விளிம்பு வரை சாய்வாக ஓர் அளவு, இவை வேண்டும். கதவின் அகலத்தை அளக்கும்போது கதவுப் பலகை திறந்து நிற்கும் தடிமனைக் கழியுங்கள், அந்த நான்கு செண்டிமீட்டரில்தான் எல்லாம் சிக்குகிறது.

மெத்தையைப் பெரும்பாலும் யாரும் வாங்க மாட்டார்கள், கோபப்பட்டுப் பயனில்லை. காரணம் மூட்டைப்பூச்சி. அது உணவில்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும், ஒரு மெத்தை ஒரு கிடங்கையே கெடுத்துவிடும். உங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் இருந்தால் மெத்தையின் தையல் ஓரங்களையும் சோபாவின் அடித்துணியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் எந்த நன்கொடையும் இப்போது வேண்டாம். துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடமாவது ஓட்டலாம். டிரையரில் போட முடியாத சின்னப் பொருட்களை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம். மற்றதெல்லாம் பூச்சி ஒழிப்புக்குப் பிறகுதான்.

துணிகளுக்குத் தெருவோரப் பெட்டிகள் உண்டு. சின்ன ஃப்ளாட்டுக்கு மிக வசதியான சேவை இதுதான்: தேதி வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். ஆனால் மிக மோசமாகப் பயன்படுத்தப்படுவதும் இதுவே. பெட்டி நிரம்பியிருந்தால் பையைக் கீழே வைத்துவிட்டு வருவார்கள். ஒரு மழை போதும், அத்தனையும் குப்பை. பெட்டியில் யார் நடத்துகிறார்கள், பதிவு எண் என்ன, தொடர்பு எப்படி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகள் வணிகப் பெட்டிகள், துணியை எடை போட்டு வியாபாரிகளுக்கு விற்பார்கள். அதில் தவறில்லை, துணி குப்பைக்குப் போகாமல் தப்புகிறது. ஆனால் ஏழைக்கு நேராகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு போடாதீர்கள்.

பையைக் கட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈரம் லேசாக இருக்கும் ஒரே ஒரு துவாலை போதும், இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் சில நாளில் பூஞ்சை பிடித்து இருபது சட்டையையும் கெடுத்துவிடும். துவைத்துக் காய்ந்த பிறகும் ஒரு நாள் காற்றில் விட்டுவிட்டுக் கட்டுங்கள். அந்துருண்டை வாடை உள்ளவற்றை இரண்டு மூன்று நாள் வெளியே தொங்கவிடுங்கள். ஜிப்பை மூடுங்கள், கொக்கியை மாட்டுங்கள், இல்லாவிட்டால் அவை பக்கத்துத் துணியை இழுத்துக் கிழிக்கும். செருப்பு, ஷூ ஜோடியை ஒன்றாகக் கட்ட வேண்டும், பிரிந்த ஷூவுக்குக் கிடங்கில் துணை கிடைக்காது. பை 30, 40 லிட்டருக்கு மேல் வேண்டாம், பெட்டியின் வாயில் நுழையாது. கிழிந்த துணியைத் தனிப் பையில் போட்டுக் "கந்தல்" என்று எழுதுங்கள், அதையும் வாங்குகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் கொடுங்கள். பயன்படுத்திய உள்ளாடை எங்கும் வேண்டாம்.

அக்கம்பக்கத்துக் குழுக்களுக்கு வண்டியும் இல்லை, கிடங்கும் இல்லை. ஃப்ரீசைக்கிள் என்ற குழு 2003-இல் அமெரிக்காவின் டூசானில் ஆரம்பித்தது, பை நத்திங் (Buy Nothing) என்ற குழு 2013-இல். இரண்டிலும் பணம் கைமாறாது, வேண்டியவர் வந்து எடுத்துப்போவார். கிடங்குக்காரர்கள் தொடாத சாமான்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது: பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா, மூடி தொலைந்த கண்ணாடிப் பாத்திரம், ஒற்றை நாற்காலி, உபரி டைல்ஸ். ஒருவர் வீட்டுத் தட்டுமுட்டு இன்னொருவர் தேடிக்கொண்டிருந்த சாமானாக இருக்கும். குறை ஒன்றே: வருகிறேன் என்பவர் வரமாட்டார். அறிவிப்பிலேயே அளவு, குறை, மாடி, லிஃப்ட் உண்டா இல்லையா, எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். முதலில் கேட்டவருக்கு என்று பிடிவாதம் வேண்டாம், இன்றே வர முடிந்தவருக்குக் கொடுங்கள். நேரம் தாண்டினால் அடுத்தவர். முகவரியைப் பொதுவில் போடாமல், வருவது உறுதியான பிறகு தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

புத்தகங்களைப் பெரிய பெட்டியில் அடுக்குவது எல்லோரும் செய்யும் தப்பு. 30 செண்டிமீட்டர் கனசதுரப் பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினாலே 15 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் போனால் தூக்கும்போது அடி பிளந்துகொள்ளும். பழைய பாடநூல்கள், காலாவதியான கலைக்களஞ்சியத் தொகுதிகள், ஓரம் பூஞ்சணம் பிடித்தவை பழைய காகிதத்துக்குத்தான். விலங்குக் காப்பகங்களில் பழைய துவாலையும் போர்வையும் கேட்பார்கள், ஆனால் பஞ்சு அடைத்த தலையணையை நாய் கடித்து விழுங்கிவிடும் என்று பல இடங்களில் மறுப்பார்கள். எங்கே கொடுப்பதானாலும் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மின்னணுக் கருவிகளை வாங்கும் சேவைகளில், தரவை அழிக்கிறோம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் அழித்துவிட்டே கொடுங்கள். போனில் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். வரிசை மாறினால் வாங்கியவர் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது, நல்ல போன் செங்கல்லாகிவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். கணினியின் ஹார்ட் டிஸ்கில் விரைவு ஃபார்மட் செய்தால் அழிவது பொருளடக்கம் மட்டும், கோப்புகள் அப்படியே கிடக்கும். முழுதாக ஒருமுறை மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் வகை) என்றால் தயாரிப்பாளரின் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். வைஃபை ரவுட்டரையும் ஸ்மார்ட் டிவியையும் மறந்துவிடுவார்கள், அவற்றிலும் கணக்கும் கடவுச்சொல்லும் இருக்கின்றன. சார்ஜரைக் கருவியோடு சேர்த்துக் கட்டி வோல்ட் அளவை ஒரு சீட்டில் எழுதுங்கள். உப்பிய பேட்டரி உள்ள எதையும் நன்கொடைப் பெட்டியில் போடாதீர்கள், அழுத்தினால் தீப்பிடிக்கும். அது மின்கழிவு மையத்துக்கு, தனியாக.

பாதுகாப்புக்காக மறுக்கப்படுபவற்றில் வாதாட இடமில்லை. குழந்தையின் கார் சீட்டில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து 6 முதல் 10 ஆண்டு. ஒரு விபத்தில் சிக்கியிருந்தால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பலம் போயிருக்கும், வாங்குபவருக்கு அது தெரிய வழியில்லை. ஹெல்மெட்டும் அப்படித்தான். பக்கம் கீழிறங்கும் குழந்தைக் கட்டில்களை அமெரிக்காவில் 2011-இல் விற்பனையிலிருந்து தடை செய்தார்கள், குழந்தை இடுக்கில் சிக்கி இறந்ததால். பிரஷர் குக்கரைக் கொடுப்பதானால் கேஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் வெயிட்டும் சேர்ந்திருக்க வேண்டும். பாதரசம் உள்ள சிஎஃப்எல் விளக்கு, மருந்துகள், பழைய எரிவாயு உருளை, வயர் உரிந்த ஹீட்டர் ஆகியவற்றைக் கேட்காமலே ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டையே காலி செய்து தருகிறோம், நல்லதை நன்கொடையாகக் கொடுத்துவிடுவோம் என்று கட்டணம் வாங்குபவர்கள். வேலை வேகமாக முடியும். நன்கொடை என்ற பாதியைத்தான் சோதிக்க வேண்டும். எந்த அமைப்புக்குக் கொடுக்கிறீர்கள், அவர்களிடமிருந்து ரசீது வருமா என்று கேளுங்கள். ஏற்றும்போதும் பாருங்கள். வண்டிக்குள் போர்வையும் பட்டைக் கயிறும் இருந்தால், கண்ணாடியும் துணியும் தனித்தனியே போனால், அவர்கள் சாமான் ஏற்றுகிறார்கள். துணி மூட்டையின் மேல் மேசைக்கால்களும் அதன் மேல் பெயின்ட் டப்பாவும் விழுந்தால் அது குப்பை வண்டி, பெயர் என்னவாக இருந்தாலும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டணத்தைக் குப்பை அகற்றும் கூலி என்று நினைத்துக் கொடுங்கள்.

எந்தச் சேவையானாலும் வண்டி வரும் காலையில் இரண்டு வேலை. மறுக்கப்படலாம் என்று தோன்றும் பொருளுக்கு அக்கம்பக்கக் குழு அறிவிப்பைப் படத்தோடு போனில் தயாராக எழுதி வையுங்கள். வாசலில் வேண்டாம் என்றால் அவர்கள் படியிறங்கும் முன்பே போட்டுவிடலாம். பிறகு எல்லாக் கோட்டுப் பைகளிலும் கைவிட்டுப் பாருங்கள், டிராயர்களை முழுசாக வெளியே இழுத்துப் பின்னால் உள்ள சந்தில் டார்ச் அடியுங்கள். சாவிகளும் பத்திரங்களும் பெரும்பாலும் அங்கேதான் விழுந்து கிடக்கும்.